டீச்சரிடம் கேளுங்கள்: காசில்லாத கருவிகளும் நம் தமிழ் வகுப்பும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடத்துக் கணினியையும் வீட்டுப் போனையும் பற்றியவை. அதிலும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் பிள்ளைகளைத் தமிழ் வழியில் படிக்க வைப்பவர்கள்தான் நிறைய எழுதியிருக்கிறார்கள். பாலக்காடு மாவட்டத்தின் அந்தச் சித்தூர் தாலூகாவின் கிழக்குக் கோடியில் 31 வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: இந்த ஜூனில்தான் ஒரு தமிழ் வழி உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாகச் சேர்ந்தேன். வகுப்பறையில் லேப்டாப், புரொஜெக்டர் எல்லாம் இருக்கிறது. இலவசக் கருவிகள் என்று தேடினால் நூறு பெயர் வருகிறது. எங்கிருந்து தொடங்குவது? தமிழில் ஏதாவது உண்டா?
– இளம் ஆசிரியை, எருத்தேம்பதி

அந்த நூறையும் மூடி வையுங்கள் தங்கச்சி. பாடப் புத்தகத்தை எடுங்கள். ஜூனிலிருந்து இதுவரை, சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு 'இதை எப்படிக் காட்டுவது' என்று நீங்கள் திணறிய இடம் எது? அந்தப் பக்கத்தில் ஒரு மடிப்பு மடியுங்கள். தொடங்க வேண்டியது அங்கேதான்.

எனக்கு அந்தப் பக்கம் பத்தாம் வகுப்பு வட்டங்கள். விட்டத்தின் இரண்டு முனையிலிருந்தும் கோடு இழுத்து வட்டத்தின் மேல் சேர்த்தால் செங்கோணம் வரும் என்ற பாடம். மரக் காம்பஸை வைத்து எத்தனையோ வருஷம் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். பிள்ளைகள் நிரூபணத்தை எழுதி மார்க் வாங்கிவிடுவார்கள். ஆனால் அதை அவர்கள் நம்பவில்லை என்று எனக்குத் தெரியும். பலகையில் நான் வரைகிற மூன்று புள்ளிக்குச் சரியாக வந்தால் எல்லாப் புள்ளிக்கும் வருமா என்ற சந்தேகம் கண்ணிலேயே நிற்கும்.

ஒரு வருஷம், கணக்குப் படங்களை வரைந்து நகர்த்திப் பார்க்கும் மென்பொருளான ஜியோஜீப்ராவில் அந்தப் படத்தைப் போட்டுத் திரையில் காட்டினேன். ஒரு விட்டம், ஒரு வட்டம், எங்கே வேண்டுமானாலும் நகர்கிற ஒரு புள்ளி, அந்தப் புள்ளியில் எத்தனை டிகிரி என்று காட்டும் எண். அவ்வளவுதான். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையனைக் கூப்பிட்டு மவுஸைக் கொடுத்தேன். அப்பா தென்னையில் கள்ளு இறக்குகிறவர். கணக்கு வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. புள்ளியை வட்டத்துக்கு வெளியே இழுத்தான், 71 என்றது. இன்னும் தள்ளிப் போனான், 64. உள்ளே கொண்டு வந்தான், 118. "உள்ள போனா கூடுது, வெளிய வந்தா குறையுது" என்று வகுப்பே கத்தியது. "டேய், கோட்டு மேல நிறுத்துடா" என்று முன் பெஞ்சுக்காரர்கள். அவன் நிறுத்தப் பார்க்கிறான், 89.7, 90.2 என்று கை நடுங்குகிறது. அப்புறம் அந்தப் புள்ளியை வட்டத்தோடு ஒட்டிவிட்டேன். சுற்றிச் சுற்றி வந்தான். எண் அசையவில்லை. 90, 90, 90.

சத்தம் அடங்கினபோது ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "அப்போ 90 வர்ற புள்ளி எல்லாத்தையும் சேத்து வெச்சா வட்டம்தான் வருமா டீச்சர்?" புத்தகத்தில் அந்தப் பகுதிக்கு நான் இன்னும் வரவே இல்லை. அன்றைக்கு நிரூபணத்தைப் பலகையில் எழுதியது பிள்ளைகள். நான் சாக்பீஸ் எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

இந்த மென்பொருளை ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் என்ற மாணவர் 2001-ல் தன் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கினார். அதே 2001-ல்தான் கேரளத்தில் பள்ளிக்கூடங்களுக்குக் கணினியைக் கொண்டு வந்த ஐடி அட் ஸ்கூல் திட்டமும் தொடங்கியது. 2017-லிருந்து அதன் பெயர் கைட். 2018-ல் 8 முதல் 12 வரையிலான 45,000 வகுப்பறைகளை ஹைடெக் ஆக்கினார்களே, உங்கள் வகுப்பு லேப்டாப் அந்த வழியில் வந்ததுதான். அதில் கைட்டின் உபுண்டு இயங்குதளம் இருக்கும், அதற்குள் ஜியோஜீப்ராவும் இருக்கும். இணையம் வேண்டாம், காசு வேண்டாம், கணக்கு திறக்க வேண்டாம். மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். சில இடங்களில் ஆங்கிலம் எட்டிப் பார்க்கும், பரவாயில்லை. திரையில் இருக்கும் சொல்லும் நம் புத்தகத்துச் சொல்லும் ஒன்றாக இல்லாவிட்டால், புத்தகத்துச் சொல்லைப் பலகையில் பெரிதாக எழுதிப் போடுங்கள். பரீட்சையில் பிள்ளை எழுதப் போவது அதைத்தான்.

பக்கத்து வகுப்பு பிசிக்ஸ் ஆசிரியரிடம் ஃபெட் பற்றியும் சொல்லுங்கள். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில், 2001-ல் இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வீமன் 2002-ல் தொடங்கியது. மின்சுற்று, ஒளி, அணு என்று தொட்டு இழுத்துப் பார்க்கும் சோதனைகள். தமிழாக்கம் செய்யப்பட்டவையும் நிறைய இருக்கின்றன. வீட்டில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டு போனால் நெட் இல்லாமலும் ஓடும். பேட்டரியின் இரண்டு முனையையும் வெறும் கம்பியால் இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். வகுப்பில் நிஜமாக அதைச் செய்து காட்ட முடியாது. ஆனால் பல்பு எரிய வைப்பதை நிஜத்தில்தான் செய்ய வேண்டும். ஒரு டார்ச் செல்லும் கம்பியும் பல்பும் பிள்ளை கையில் கொடுங்கள். செல்லைத் தொட்டுக் கம்பி சூடாவதை எந்தத் திரையும் காட்டாது.

ஒரு பாடம், ஒரு கருவி, பத்து நிமிஷம். இந்த வருஷத்துக்கு அது போதும்.

கேள்வி: மகள் ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் ஒரே போன், அதுவும் அவள் அப்பாவிடம். லாரி ஓட்டுகிறார், வீடு வர ராத்திரி பதினொன்று ஆகும். வீட்டுப்பாடம் எல்லாம் வாட்ஸ்அப்பிலும் ஏதோ ஃபாரத்திலும் வருகிறது. தினமும் அழுகிறாள். தவணையில் இன்னொரு போன் வாங்கிவிடட்டுமா?
– ஒரு தாய், வேலந்தாவளம்

வாங்க வேண்டாம்மா. இதில் நான் செய்த தப்பை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

கொரோனாவால் பள்ளி மூடியிருந்தபோது, 2020 ஜூன் 1-ந் தேதி கேரளத்தின் கல்விச் சேனலான கைட் விக்டர்ஸ் டிவியில் ஃபர்ஸ்ட் பெல் வகுப்புகள் தொடங்கின. தமிழ் வழிப் பிள்ளைகளுக்கும் வகுப்பு வந்தது. பாடம் டிவியில் நடக்கிறது, பரீட்சையை நாம் வைப்போம் என்று கூகுள் ஃபாரத்தில் கேள்வி போட்டு, ராத்திரி எட்டு முதல் ஒன்பதுக்குள் அனுப்பச் சொன்னேன். ஒரு பெண் மூன்று தடவையும் அனுப்பவில்லை. நோட்டில் அவள் பெயருக்கு நேரே மூன்று முறை 'இல்லை' என்று எழுதினேன். போனில் கொஞ்சம் கடுமையாகவும் பேசினேன்.

பள்ளி திறந்த பிறகு அவள் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொண்டு வந்து மேஜையில் வைத்தாள். மூன்று பரீட்சையின் கேள்விகளும் அதில் பென்சிலில் இருந்தன. பக்கத்து வீட்டுத் திண்ணையில் போய் நின்று, அந்த வீட்டுப் பையன் விளையாடி முடித்துப் போனைத் தரும்வரை காத்திருந்து, கேள்விகளை மட்டும் பார்த்து எழுதி வந்திருக்கிறாள். விடை போடுவதற்குள் ஒன்பது மணி தாண்டிவிடும். ஃபாரம் மூடிவிடும். விடைகளை வீட்டில் உட்கார்ந்து போட்டிருக்கிறாள். மூன்றிலும் ஒரே ஒரு கணக்குதான் தப்பு. அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போய் அவளிடமும் அவள் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டேன். அந்த நோட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன். போன் தேவைப்படுகிற வேலை எதுவானாலும் பள்ளிக்கூடத்துக்குள், பள்ளி நேரத்தில், பள்ளிக் கணினியில். வீட்டுப்பாடம் நோட்டில். எந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று வகுப்பு முழுவதற்கும் தெரியும்படி ஒரு வேலையைக் கொடுக்கும் உரிமை நமக்குக் கிடையாது.

நீங்கள் நேரே கிளாஸ் டீச்சரைப் பாருங்கள். புகார் மாதிரி வேண்டாம். "எங்க வீட்டுல ராத்திரி போன் இல்லீங்க டீச்சர், கேள்வியை வகுப்பிலேயே எழுதிப் போட்டுடுங்க" என்று சொன்னால் போதும். மறுப்பவர் குறைவு, பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டு வேளையில் லேபைத் திறந்து வைக்கச் சொல்லி பி.டி.ஏ. கூட்டத்திலும் பேசுங்கள். உங்களைப் போல இன்னும் நாலு தாய்மார் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். யாராவது ஒருவர் முதலில் வாய் திறக்க வேண்டும்.

கேள்வி: கேரளத்தில் தமிழ் வழியில் படிக்கும் பையன், தமிழ்நாட்டுப் பாட வீடியோக்களைப் பார்த்துப் படிக்கலாமா?
– வாசகர், கோபாலபுரம்

புரிந்துகொள்வதற்குத் தாராளமாகப் பார்க்கட்டும். பித்தாகரஸ் தேற்றத்துக்கு மாநில எல்லை கிடையாது. ஆனால் பாட வரிசை வேறு, கேள்வி கேட்கிற விதம் வேறு, சில கலைச்சொற்களும் வேறு. நம் புத்தகம் கேரளத்தின் பாடத்திட்டப்படி தமிழில் வருவது. அதனால் வீடியோ பார்த்த கையோடு நம் புத்தகத்தில் அதே பாடத்தைத் திறந்து, சொற்களை ஒப்பிட்டு ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பரீட்சை நெருங்கினால் ஃபர்ஸ்ட் பெல் தமிழ் வகுப்புகளும் பழைய கேள்வித்தாளும் மட்டும் போதும்.

கேள்வி: வினாடி வினா நடத்தும் ஒரு தளத்தில் சேர, மகனின் முழுப் பெயர், பிறந்த தேதி, போட்டோ, என் போன் எண் எல்லாம் கேட்கிறது. இலவசம்தானே என்று டீச்சர் சொல்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு தந்தை, ஒழலப்பதி

கொடுக்காதீர்கள். பத்துக் கேள்விக்கு விடை சொல்வதற்குப் பிறந்த தேதி எதற்கு? 2023-ல் நம் நாட்டில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், 18 வயது நிரம்பாதவர் எல்லாரும் குழந்தைதான். பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. பையன் பத்தாம் வகுப்பானாலும் இதுவே. மாணவன் கணக்கு திறக்காமலே, டீச்சர் தருகிற ஓர் எண்ணைத் தட்டி உள்ளே வருகிற கருவிகள் இருக்கின்றன. ஜியோஜீப்ரா வகுப்பறை அப்படித்தான். பெயர் கேட்கிற இடத்தில் வரிசை எண்ணைப் போட்டால் வேலை முடிந்தது.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு தளத்தில் மூன்று வருஷமாகக் கேள்விகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அறுநூறுக்கு மேல் இருக்கும், எல்லாம் நானே தமிழில் தட்டியவை. ஒரு நாள் திறந்தால், இனிமேல் மாதச் சந்தா கட்டினால்தான் பழையதைப் பார்க்க முடியும் என்றது. கட்ட மனமில்லை, அத்தனையும் போயிற்று. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இலவசம் என்று சொல்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, இன்றைக்குக் காசு கேட்காதது. இன்னொன்று, நாளைக்கும் நம்மிடமிருந்து யாரும் பறிக்க முடியாத கட்டற்ற மென்பொருள். கடிதம் அடிக்கவும் கட்டம் போட்டுக் கணக்குப் பார்க்கவும் உதவும் லிப்ரே ஆபீஸ் இரண்டாவது வகை. கேள்விகளை முதலில் அதில் அடித்துப் பென்டிரைவில் ஒரு பிரதி வைத்துவிட்டு, அப்புறம் எந்தத் தளத்தில் வேண்டுமானாலும் ஏற்றுங்கள்.

கேள்வி: எந்நேரமும் திரையைப் பார்த்தால் பிள்ளைகளின் கண்ணும் கையெழுத்தும் என்ன ஆகும்?
– ஒரு தாத்தா, வடகரப்பதி

நீங்கள் சொல்வது சரிதாங்க ஐயா. அதனால்தான் பத்து நிமிஷம் என்று மேலே எழுதினேன். திரையில் பார்த்த படத்தை அதே வகுப்பில் ஸ்கேலும் காம்பஸும் வைத்து நோட்டில் வரைய வேண்டும். வரையாத படம் பிள்ளை மனதில் நிற்பதில்லை.

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் பள்ளிக் கணினியில் மலையாளமும் இங்கிலீஷும் தட்டுகிறோம். தமிழ் தட்ட முடியுமா டீச்சர்?
– மாணவி, கொழிஞ்சாம்பாறை

முடியும் கண்ணு. உபுண்டுவில் விசைப்பலகை அமைப்புக்குள் போய்த் தமிழ்99 என்பதைச் சேர்த்துக்கொள். தெரியாவிட்டால் ஐடி சாரிடம் கேள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தியது, அதனால்தான் அந்தப் பெயர். உயிரெழுத்து எல்லாம் இடது கைப் பக்கம், மெய்யெழுத்தில் பெரும்பாலானவை வலது கைப் பக்கம். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு. ஒரே எழுத்தை இரண்டு தரம் தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். இங்கிலீஷ் எழுத்தில் தட்டித் தமிழாக மாற்றும் பழக்கம் உனக்கு வேண்டாம். இரண்டு வாரம் விரல் தடுமாறும். அப்புறம் தமிழிலேயே நினைத்துத் தமிழிலேயே தட்டுவாய்.

பழகியதும் சும்மா இருக்காதே. தமிழ் விக்கிப்பீடியா 2003-லிருந்து இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எழுதலாம். உன் ஊருக்கு அங்கே எத்தனை வரி இருக்கிறது என்று பார். ரெண்டே வரி என்றால் மீதி யார் எழுதுவார்கள்? உன் ஐடி சாருக்கும் ஒரு சேதி: கிவிக்ஸ் என்ற இலவசச் செயலியில் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டால், நெட் இல்லாத நாளிலும் லேபில் படிக்கலாம்.

கேள்வி: சமூக அறிவியல் நடத்துகிறேன். வரைபடப் பாடத்துக்கு உள்ளூர் உதாரணம் காட்ட ஆசை. பள்ளியில் நெட் வேகம் சொல்லும்படி இல்லை. என்ன செய்யலாம்?
– ஆசிரியர், மீனாட்சிபுரம்

உங்கள் ஊர்ப் பக்கம் ஓடும் ஆற்றைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை சார்.

பூமியை மேலிருந்து எடுத்த படங்களாகக் காட்டும் கூகுள் எர்த் புரோ ஒரு காலத்தில் விலைக்குத்தான் கிடைத்தது. 2015-லிருந்து இலவசம். வீட்டுக் கணினியில் போட்டு ஆழியாறு அணையிலிருந்து புறப்படுங்கள். பழைய வருஷப் படங்களையும் அதில் பார்க்கலாம். அணை நிரம்பிய மாதம் ஒன்று, தரை தெரிந்த மாதம் ஒன்று, இரண்டையும் படமாகச் சேமியுங்கள். அப்புறம் மணக்கடவு, எல்லையைத் தாண்டி மூலத்தறை, அங்கிருந்து பிரியும் கால்வாய்கள், சித்தூர்ப் புழை, பறளியில் கல்பாத்திப் புழையோடு கூடல், அதிலிருந்து பாரதப்புழை, கடைசியில் பொன்னானிக் கடல். பத்துப் பன்னிரண்டு படம் வரும். பென்டிரைவில் போட்டுக்கொண்டு போனால் வகுப்பில் நெட்டே தேவையில்லை. இஸ்ரோவின் புவன் தளத்திலும் நம் ஊரை மேலிருந்து பார்க்கலாம். அதில் ஒரு படத்தையும் சேர்த்தால் இரண்டையும் ஒப்பிடலாம்.

என்னோடு வேலை பார்த்த சமூக அறிவியல் டீச்சர் இப்படிக் காட்டிய வகுப்பில் நான் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். தமிழ்நாடும் கேரளமும் தண்ணீரைப் பங்கிடச் செய்துகொண்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970-ல் கையெழுத்தாகி, 1958-லிருந்தே நடைமுறையில் இருப்பதாகக் கொள்ளப்பட்டது. அதன்படி மணக்கடவில் வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்கு வர வேண்டும். இந்த எண்ணைப் பிள்ளைகள் செய்தியில் கேட்டிருக்கிறார்கள். அது எவ்வளவு என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, சுமார் 2,832 கோடி லிட்டர். 7.25-ஆல் பெருக்கச் சொன்னோம். லிப்ரே ஆபீஸ் கட்டத்தில் 20,500 கோடி லிட்டருக்கு மேல் என்று வந்ததும் வகுப்பு வாயடைத்துப் போனது. உடனே ஒரு பையன், "அப்புறம் எதுக்குங்க டீச்சர் எங்க தோட்டத்துக்கு மார்ச் மாசம் வர்றதில்ல?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்வியில் மழை மறைவுப் பிரதேசம், கால்வாய்க் கசிவு, கடைமடை, இரண்டு மாநிலப் பேச்சுவார்த்தை எல்லாம் வந்துவிட்டது. அடுத்த மூன்று வகுப்பு அதிலேயே போயிற்று. பாடம் முடியவில்லை என்று அந்த டீச்சர் கவலைப்பட்டார். நான் கவலைப்பட வேண்டாம் என்றேன், இப்போதும் அதையேதான் சொல்வேன்.

அப்புறம் ஓபன்ஸ்ட்ரீட்மேப். 2004-ல் தொடங்கிய, பொதுமக்களே சேர்ந்து வரையும் உலக வரைபடம். நம் எல்லைப் பக்கம் பெரிதாக்கிப் பாருங்கள். பெரிய சாலை இருக்கும், உள்ளே போகப் போக வெறும் வெள்ளைதான். அந்தப் பகுதியைத் தாளில் அச்செடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்து, ஒரு சனிக்கிழமை கால்வாய்க் கரையோடு நடக்க விடுங்கள். மடை, ஏரி, சந்து, பனங்காடு, கோயில் எல்லாம் பேனாவால் குறித்து வரட்டும். அதைத் திங்கட்கிழமை நீங்கள் உங்கள் ஒரே கணக்கில் ஏற்றலாம், பிள்ளைகள் கணக்கு திறக்க வேண்டியதில்லை. ஒவ்வோர் இடத்துக்கும் தமிழ்ப் பெயரைத் தனியாகப் பதிய அதில் வழி இருக்கிறது. நம் பக்கத்து ஊர்ப் பெயர்கள் மலையாளத்துக்கும் இங்கிலீஷுக்கும் போய்த் திரும்பித் தமிழுக்கு வரும்போது அடையாளம் தெரியாமல் போயிருக்கும். மடைகளின் பெயர் கிழவிகளுக்குத்தான் தெரியும். கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள்.

நவம்பரில் மழை விட்டதும் நடக்கலாம், கரையில் வழுக்காது. கிளம்பும் முன் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கூட ஒரு பெண் ஆசிரியரும் போகட்டும். ஏற்றி முடித்த வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்துப் பள்ளி வராந்தாவில் ஒட்டிவிட்டு எனக்கு ஒரு படம் அனுப்புங்கள்.